மோடிக்லியானி ஆக நினைக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பி,

"நூறு வருஷம் பிந்திப் பிறந்துவிட்டேன், அண்ணா" என்று எழுதியிருந்தாய். பாரிஸில் வாழ்ந்த இத்தாலிய ஓவியர் மோடிக்லியானியைப் போல ஊர் பேச வாழ்ந்து, பேரும் கெட்ட பேரும் சேர்த்து வாங்க இன்றைய ஓவியனுக்கு வழியிருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக அதே நினைவாக இருக்கிறேன். பேர் இப்போதும் வாங்கலாம். கெட்ட பேர் வாங்குவதுதான் அரிதாகிவிட்டது.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் உயிரோடு இருந்தபோது நடந்த தனிக்கண்காட்சி ஒன்றே ஒன்று: 1917-இல், பாரிஸில். போலீஸ் வந்து நிர்வாண ஓவியங்களை இறக்கச் சொன்னது. 1920 ஜனவரி 24 அன்று, காசநோய் மூளைவரை பரவி, 35 வயதில் இறந்தார். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த அவருடைய துணைவி ழான் எபுதேர்ன் ஓரிரு நாளில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 21 வயது. அவரும் ஓவியர் என்பதையே பலர் மறந்துவிட்டார்கள். 2015-இல் மோடிக்லியானியின் நிர்வாண ஓவியம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 17 கோடி டாலரைத் தாண்டியது. நீ ஆசைப்படும் புகழ் இதுதான் என்றால், அதில் ஒரு காசும் அவர் கைக்கு வரவில்லை.

வறுமையிலும் கட்டுப்பாடில்லாமல் கலைக்காகவே வாழும் பொஹீமிய வாழ்க்கையைக் கதைகளாக எழுதிப் பிரபலப்படுத்தியவர் பிரெஞ்சு எழுத்தாளர் ஹென்றி முர்ஜே. அவரே 1851-இல் எச்சரித்திருக்கிறார்: அந்தப் பாதை போய் முடிவது அகாதமியின் கௌரவத்தில், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில், இல்லையென்றால் பிணவறையில். அகாதமியை மட்டும்தான் நாம் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

ஆனாலும் உன் ஏக்கத்தைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்துப் பாரிஸ் ஓவியர்களிடம் இருந்த ஒன்று உன்னிடம் இல்லை. 1900 உலகக் கண்காட்சியில் மது அரங்காக நின்ற கட்டடத்தை ஆல்ஃப்ரெட் பூஷே என்ற சிற்பி வாங்கி, பாரிஸின் தென்பகுதியில் மறுபடி எழுப்பி, 1902 முதல் கலைஞர்களுக்குச் சொற்ப வாடகைக்கு அறை அறையாக விட்டார். லா ரூஷ் என்று பெயர், பிரெஞ்சில் தேன்கூடு. ஓவியர்கள் சுத்தீன், ஷகால், லெஜே எல்லாரும் அங்கே இருந்தவர்கள். பக்கத்திலேயே கசாப்புக் கூடம். சுத்தீன் பிற்பாடு வரைந்த, தோலுரித்துத் தொங்கும் மாடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடம் நினைவுக்கு வரும். குளிரும் பசியும் உண்டு. ஆனால் கதவைத் திறந்தால் எதிர் அறையில் இன்னொருவன் வரைந்துகொண்டிருப்பான். யாரும் பார்க்காத, யாரும் விலை கேட்காத சில வருடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. எனக்கு அவர்கள்மேல் பொறாமை என்றால் அதற்காகத்தான்.

அந்த வருடங்கள் இப்போது சுருங்கிவிட்டன. நியூயார்க்கின் சோஹோவில் காலியாகக் கிடந்த ஆலைத் தளங்களில் ஓவியர்கள் குடியேறினார்கள்; அவர்களால் அந்த இடத்துக்கு மவுசு வந்தது; வாடகை ஏறி அவர்களையே வெளியே தள்ளியது. ஓவியர் பாஸ்கியா 1970களின் கடைசியில் அந்த நகரத்துச் சுவர்களில் எழுதித் திரிந்தவர். சில வருடங்களிலேயே ஓவியம் விற்கும் காலரிகள் அவருக்காகப் போட்டி போட்டன. 1988-இல், 27 வயதில், போய்விட்டார்.

கெட்ட பேருக்கு வருகிறேன். 1865-இல் பாரிஸில் மானே வரைந்த நிர்வாணப் பெண் ஓவியமான 'ஒலிம்பியா'வைக் கூட்டத்தின் கோபத்திலிருந்து காப்பாற்ற, கைக்கு எட்டாத உயரத்தில் தூக்கி மாட்ட வேண்டியிருந்தது. 2018-இல், முகம் காட்டாத தெருச்சுவர் ஓவியர் பேங்ஸியின் படம் ஏலத்தில் சுமார் 10 லட்சம் பவுண்டுக்குப் போன நொடியில், படச்சட்டத்துக்குள் ஒளித்திருந்த இயந்திரம் அதைக் கிழித்தது. பாதி கிழிந்த அந்தப் படம் மூன்றே வருடத்தில் 1 கோடியே 85 லட்சம் பவுண்டைத் தாண்டி விற்றது. சந்தையின் முகத்தில் அறைந்தாலும் சந்தை அதற்கும் ஒரு விலைச்சீட்டை ஒட்டிவிடுகிறது. அதிர்ச்சி கொடுத்து ஒதுக்கப்படுவது என்பதே அங்கே ஏறக்குறைய இல்லாமல் போயிற்று.

அதிகாரம் கலைக்குப் பயப்படும் இடங்களில் மட்டும் அது இன்னும் உண்டு. சீனாவில் கலைஞர் ஐ வெய்வெய்யை 2011-இல் 81 நாள் அடைத்து வைத்தார்கள். கியூபாவின் கலைஞர் லூயிஸ் மனுவேல் ஒதேரோ அல்கான்தராவுக்கு 2022-இல் ஐந்து வருடச் சிறை. அந்தக் கெட்ட பேரை யாரும் ஆசைப்பட்டுத் தேடிப் போனதாக நான் நினைக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள், அது வந்து சேர்ந்தது.

உன் வயதில் நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் வரைந்தோம். மூன்று பேர் பிறகு தூரிகையை விட்டுவிட்டார்கள். அதில் ஒருவன் என் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று, "நிழலுக்குப் பயந்துதான் எல்லா இடத்திலும் நீலத்தைப் பூசுகிறாய்" என்றான். எந்த விமர்சகரும் அதற்குப் பிறகு எனக்கு அவ்வளவு உண்மையாக ஒன்றைச் சொன்னதில்லை.

நீ போன மாதம் அனுப்பிய படத்தில் அந்தக் கிழவியின் இடது கை இன்னும் சரியாக வரவில்லை. இணையத்தில் போட்டிருக்கிறாய், எத்தனை பேர் பார்த்தார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். உன் பக்கத்தில் நின்று அந்தக் கையைப் பார்த்தவர் யாராவது உண்டா? அதை மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்