ரிக்டர் பெயரில் பட்டறை நடத்துவோருக்கு

வணக்கம்.

‘இரண்டு மணி நேரத்தில் ரிக்டர் பாணி ஓவியம்’ என்று அறிவிக்கிறீர்கள். ஆளுக்கொரு கான்வாஸ், நாலு பாட்டில் அக்ரிலிக் வண்ணம், ஜன்னல் துடைக்கும் வைப்பர் ஒன்று. வகுப்பு நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பெயரைப் போட்டால் அவர் வேலையையும் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1932-ல் டிரெஸ்டனில் பிறந்தவர். அங்கே சுவரோவியம் படித்தார். 1961-ல் கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிவந்து, டுஸ்ஸல்டார்ஃப் கலை அகாடமியில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். அறுபதுகளில் புகைப்படங்களைப் பார்த்துச் சாம்பல் வண்ணத்தில் தீட்டி, ஈரம் காயுமுன் தூரிகையால் இழுத்து மங்கலாக்கினார். பின்னாளில் வந்த ஸ்க்வீஜி, அதாவது வண்ணத்தை இழுக்கும் தகடு, அதே இழுப்பின் தொடர்ச்சி என்றே நாங்கள் பார்க்கிறோம்.

அவருடைய ஸ்க்வீஜி கைப்பிடி வைத்த நீளமான அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு. ஆனால் பூசியது எண்ணெய் வண்ணம். விஷயமே இங்கேதான் இருக்கிறது. எண்ணெய் வண்ணம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாள்கணக்கில் இறுகுவது. மேலே பாலாடைபோல் ஆடை கட்டியிருக்கும், அடியில் ஈரமிருக்கும். அந்த நிலையில் தகட்டை இழுத்தால் ஆடை அங்கங்கே கிழிந்து, அடியடுக்கு தெரியும். அக்ரிலிக் வண்ணத்தில் நீர் வற்றினால் முடிந்தது. சில நிமிடங்களில் பிளாஸ்டிக் படலமாகிவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஊற்றினால் ஈரம் நீளும், அந்தக் கிழிசல் வராது.

அடிப்பூச்சுக்கு அம்பர் (umber) என்ற மண்பழுப்பு வண்ணத்தை வையுங்கள். ஓரிரு நாளில் கையில் ஒட்டாது. டைட்டானியம் வெள்ளைக்கு ஒரு வாரம்கூட ஆகலாம், அதை மேலடுக்குக்கு ஒதுக்குங்கள். ஓர் இழுப்புக்கு இரண்டு, மூன்று வண்ணம் போதும். சிவப்பும் பச்சையும் ஈரமாகச் சந்தித்தால் சேறுதான். தகட்டைப் படுக்கவைத்தால் வண்ணம் படியும், நிமிர்த்தினால் சுரண்டும். நடுவில் தயங்கி நின்றால் அந்த இடத்தில் வரப்பு விழும். விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தாலும் கடைசிவரை கோடு போடும், உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கான்வாஸை அழுத்தினால் பின்னாலுள்ள மரச்சட்டத்தின் அச்சு முன்னால் தெரியும். பின்புறம் ஹார்ட்போர்டு கொடுங்கள், இல்லையேல் பலகையிலேயே தீட்டச் சொல்லுங்கள்.

இழுத்தபின் சுவரில் மாட்டிவிட்டுச் சில நாள் பார்க்க வேண்டும். ரிக்டரும் அப்படித்தான், பல படங்களைச் சுவரில் மாட்டி, பார்த்துப் பார்த்து மாற்றுவார். தற்செயலாக விழுவதில் எது நிற்கும், எது போகும் என்பதை அவர்தான் முடிவு செய்தார். அதனால் வாரம் ஒருநாளாக நாலு வாரம் நடத்துங்கள். முடியாதென்றால் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ‘பிர்கெனாவ்’ ஓவியங்களை வண்ணப் பயிற்சிக்கு மாதிரியாகக் காட்டாதீர்கள். 1944-ல் நாஜிகளின் பிர்கெனாவ் வதைமுகாமில் கைதிகள் ஒளிந்து எடுத்த நான்கு புகைப்படங்களை 2014-ல் நான்கு கான்வாஸ்களில் வரைந்து, அவற்றின் மீதே அடுக்கடுக்காக வண்ணம் இழுத்து மூடினார் ரிக்டர். ஒவ்வொன்றும் 260 × 200 செ.மீ. அடியில் இருப்பதைச் சொல்லாமல் மேலிருக்கும் சிவப்பையும் பச்சையையும் ‘கலர் ஸ்கீம்’ என்று காட்டுவது சகிக்கவில்லை.

எண்ணெய்க்கு மாறுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்யும் ஓவியர்கள் சிலர்