எங்கள் தெருவைத் திறந்துவிடப் போகிறார்களாம்

தருமபுரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பெங்களூரில் கல்லூரியில் சேர்ந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலம் தள்ளாதே, நல்ல மருத்துவரைப் பார். நாங்கள் நலம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது.

இதை எழுத வேறொரு காரணம் உண்டு. நீ வாழ்நாளெல்லாம் சாலை போட்ட ஆள். எங்கள் நகர்க்காரர்கள் இப்போது ஒரு சாலையை எதிர்க்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் நானும் இருக்கிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

எங்கள் தெரு உனக்குத் தெரியும். பென்னாகரம் சாலையிலிருந்து பிரிந்து வந்து, பின்னாலிருக்கும் வயலில் முட்டி நின்றுவிடும். அந்த முட்டுச்சந்தைத் திறந்து, வயல் வழியாகப் புறவழிச்சாலையோடு சேர்க்கப் போகிறார்களாம். முப்பதடித் தெரு அறுபதடி ஆகுமாம். எல்லாம் 'ஆம்'தான். அளக்க வந்தவர்கள் சுவர்களில் சிவப்புப் பெயிண்ட்டால் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். கேட்டதற்கு, "அளக்கச் சொன்னார்கள், அளந்தோம்" என்றார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை. அம்பு என் வீட்டுத் திண்ணையைத் தாண்டி, முன்னறையின் பாதிவரை வருகிறது. எதிர்வீட்டு ஆசிரியருக்குக் கிணறும் மாட்டுக்கொட்டகையும் போகும்.

அன்று மாலையே பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டோம். இளைஞர்கள் மறியல் என்றார்கள். ஒருவர் கவுன்சிலரைப் பிடிக்கலாம் என்றார். இன்னொருவர் ஒரேயடியாக வழக்கு என்றார். சாலை வரட்டும் என்று சொல்லவும் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் வீடுகள் இரண்டாம் வரிசையில் இருக்கின்றன. முன்வரிசை இடிந்தால் அவர்கள் முன்வரிசை ஆவார்கள், வாசலில் கடை கட்டி வாடகைக்கு விடலாம். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதை 'ஊர் வளர்ச்சி' என்று பெயர் வைத்துப் பேசும்போதுதான் எரிச்சல் வருகிறது. 2018-இல் சேலம் – சென்னை எட்டுவழிச் சாலைக்கு அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கல் நட்டபோது விவசாயிகள் அழுது புரண்டார்களே, அப்போதும் இதே தெருவில் பலர் வளர்ச்சி வளர்ச்சி என்றுதான் பேசினார்கள். அந்த நிலமெடுப்பை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அதெல்லாம் இங்கே யாருக்கும் நினைவில் இல்லை. இப்போது சிவப்பு அம்பைப் பார்த்ததும் எல்லோரும் சட்டம் பேசுகிறார்கள்.

நான் சாலையே கூடாது என்பவன் இல்லை. தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரிகள் எத்தனை குடும்பங்களை அழித்திருக்கின்றன! அங்கே எவ்வளவு செலவு செய்தாலும் தகும். இங்கே என்ன கேடு? பென்னாகரம் சாலையில் நெரிசல் என்கிறார்கள். அந்த நெரிசல் எங்கே பிறக்கிறது? நான்கு ரோட்டுப் பக்கம் போய் அரை மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும். பஸ்கள் நடுச்சாலையில் நின்று ஆள் ஏற்றுகின்றன. இருபுறமும் வண்டிகளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போகிறார்கள். எங்கள் தெருவைத் திறந்தால் வண்டிகள் அதே இடத்துக்கு இன்னொரு பக்கமிருந்து வந்து சேரும், அவ்வளவுதான். குடத்தின் வாய் குறுகலாக இருக்க, புனலைப் பெரிதாக்கி என்ன செய்வது? சாலையை அகலமாக்கினால் அதற்கென்றே புது வண்டிகள் வந்து நிரப்பும், சில ஆண்டுகளில் பழைய நெரிசலே திரும்பும் என்று நீதானே ஒருமுறை எனக்குச் சொன்னாய். அதை எழுத்தில் கொடு. நான் சொன்னால் திண்ணை போகிற கிழவன் புலம்புகிறான் என்பார்கள்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மனை வாங்கும்போது தந்த வரைபடத்தில், தெருக்கோடியிலிருந்து ஒரு புள்ளிக்கோடு போகிறது, 'உத்தேசச் சாலை' என்று எழுதி. அலுவலகத்தில் அதைக் காட்டி, தெரிந்துதானே வாங்கினீர்கள் என்கிறார்கள். ஆனால் அந்தக் கோடு அரசிதழில் வந்த திட்டத்தில் இருக்கிறதா, மனை விற்றவர் விலை ஏற்றுவதற்காக வரைந்ததா? திட்டத்தில் இருந்தால், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நமக்குத் துணை. அரசிதழில் திட்ட அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுகளுக்குள் நிலமெடுப்பு அறிவிக்கையும் வராமல், பேசியும் வாங்காமல் விட்டால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே ஆகிவிடும். தெருவின் முப்பதடி தானப்பத்திரம் போட்டு உள்ளாட்சிக்குக் கொடுத்தது, அதில் நமக்கு வாதமில்லை. இருபுறமும் பதினைந்து பதினைந்து அடி எங்கள் பட்டா. அதை எடுக்க வேண்டுமானால் முறைப்படி அறிவித்து, ஆட்சேபம் கேட்டு, விலை கொடுத்து எடுக்கட்டும்.

அந்த விலையை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி வழிகாட்டி மதிப்பையோ, பக்கத்தில் மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களின் சராசரியையோ பார்த்துச் சந்தை விலை வைப்பார்கள், நகரத்தில் அதற்குச் சமமான தொகையை மேலும் ஆறுதலாகத் தருவார்கள். ஆனால் நம் ஊரில் பத்திரத்தில் எழுதும் விலையின் லட்சணம் உனக்குத் தெரியாதா? முத்திரைத்தாளில் மிச்சம் பிடித்தவர்கள் எல்லாம் இப்போது கணக்குப் போட்டுப் பார்த்து வெளிறிப்போயிருக்கிறார்கள்.

எங்கள் தெருவுக்கடியில் ஒகேனக்கல் குடிநீர்க் குழாயும் போகிறது. ஃபுளோரைடு ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்துப் பல் கறைபட்ட தலைமுறை நாம். அந்தக் குழாயை யார் மாற்றிப் போடுவார்கள், அதுவரை தண்ணீர் எங்கிருந்து வரும் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நான் கேட்பேன், பெண்கள் என் பக்கம் நிற்பார்கள்.

மறியலை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன். திட்ட வரைபடம், நிலப்பட்டியல், போக்குவரத்துக் கணக்கெடுப்பு ஏதாவது நடந்திருந்தால் அதன் அறிக்கை, மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, பத்து ரூபாய் வில்லை ஒட்டி அனுப்பியாயிற்று. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் எல்லோருமாக மனு கொடுக்கிறோம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது என்று இளைஞர்களிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

உன்னிடம் எனக்கு வேண்டியது இரண்டு. நான்கு ரோட்டை எப்படிச் சீர்செய்யலாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொடு. பஸ் நிறுத்தங்களைத் தள்ளிப்போடுவது, வண்டி நிறுத்தத்தை முறைப்படுத்துவது என்று சாலைக்காரன் மொழியில் இருக்கட்டும். வெறுமனே 'வேண்டாம்' என்று மட்டும் மனுவில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. அடுத்து, வரைபடம் வந்ததும் ஒரு நாள் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வா. புல எண்களைப் படிக்க இங்கே யாருக்கும் தெரியவில்லை, தெரிந்ததுபோல் பேசுபவர்கள்தான் நிறைய. சந்தூர்ப் பக்கம் நீலம் மாம்பழம் இன்னும் கிடைத்தால் ஒரு கூடை வாங்கி வா, பணம் இங்கே தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்