ஃபிளிண்ட் போய் வந்தேன், மாப்ள

ஆன் ஆர்பர், மிச்சிகன்
13 மார்ச் 2016

அன்புள்ள மாப்ளைக்கு,

பொங்கல் சமயத்தில் நீ எழுதிய மடலை மறுபடியும் எடுத்துப் படித்தேன். குடிநீர் வாரியத்தில் வேலை கிடைத்ததும், தர்மபுரிப் பக்கமே போட்டிருப்பதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைசி வருட புராஜெக்டுக்காகப் பென்னாகரம் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகப் போய் போர்வெல் தண்ணீர் பிடித்தோமே, அந்த ஊர்களுக்கே நீ உதவிப் பொறியாளராகப் போயிருக்கிறாய். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? தங்கச்சி பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள். கெமிஸ்ட்ரி எப்படி எழுதினாள் என்று கேட்டுச் சொல்.

எங்களுக்கு பிப்ரவரி 27ஆம் தேதி தொடங்கி ஒரு வாரம் ஸ்பிரிங் பிரேக். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்கொண்டு ஃபுளோரிடா கிளம்பினார்கள். போகவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். இங்கே குளிரில் அடைந்து கிடந்தவர்களுக்கு அந்தக் கடலும் வெயிலும் எவ்வளவு வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னையும் விடாமல் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. ஃபிளிண்ட் போனேன். அதைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தது, வேறு யாருக்கும் எழுதுவதைவிட உனக்கு.

ஃபிளிண்ட் இங்கிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம். ஜெனரல் மோட்டார்ஸ் 1908இல் பிறந்த ஊர். ஒரு காலத்தில் இரண்டு லட்சம் பேர் இருந்தார்கள், இப்போது ஏறக்குறைய ஒரு லட்சம். பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். தொழிற்சாலைகள் போனபின் ஊரில் பத்துக்கு நான்கு பேர் வறுமையில் இருக்கிறார்கள். என் வாட்டர் கெமிஸ்ட்ரி வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு அதுதான் சொந்த ஊர். விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போகும்போது, தண்ணீர் விநியோகத்துக்கு ஆள் போதவில்லை என்று சொன்னாள். நாங்கள் சிலர் அவளோடு கிளம்பிவிட்டோம்.

செய்தியில் மேலோட்டமாகப் படித்திருப்பாய், நான் முழுதாகச் சொல்கிறேன். பல பத்தாண்டுகளாக டெட்ராய்ட்டிலிருந்து ஹூரான் ஏரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. செலவைக் குறைக்க, புதுக் குழாய்த் திட்டம் முடியும்வரை ஃபிளிண்ட் ஆற்றிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று 2014 ஏப்ரலில் மாற்றினார்கள். ஆற்று நீரில் குளோரைடு அதிகம், அரிப்புத் தன்மை அதிகம். தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குப் போகும் இணைப்புகள் பல, பழைய காரீயக் குழாய்கள். டெட்ராய்ட் தண்ணீரில் ஆர்த்தோபாஸ்பேட் கலந்து வரும். அது குழாயின் உட்புறம் ஒரு படலமாகப் படிந்து, காரீயம் தண்ணீரில் கரையாமல் தடுக்கும். ஆற்று நீருக்கு மாறியபோது அந்தப் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பெரிய செலவும் இல்லை, புது விஞ்ஞானமும் இல்லை. எங்கள் வகுப்பில் அரிப்புக் கட்டுப்பாடு இரண்டே பாடம்தான். தண்ணீர் குழாயை அரிக்குமா, படிவு விடுமா என்று காட்டும் லாங்கெலியர் குறியீட்டை நமக்கு ஊரில் பி.இ. படிக்கும்போதே சொல்லிக் கொடுத்தார்களே, அந்த வழியில் வருவதுதான்.

2014 அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ், எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லித் தன் ஆலைக்கு மட்டும் வேறு தண்ணீர் வாங்கிக்கொண்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரை ஊர் மக்கள் அதன் பிறகும் ஒரு வருடம் குடித்தார்கள். பழுப்பு நிறத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து நகர மன்றக் கூட்டங்களுக்குக் கொண்டு வந்தார்கள். லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் வீட்டுக் குழாயில் 2015 பிப்ரவரியில் அளந்தபோது லிட்டருக்கு 104 மைக்ரோகிராம் காரீயம். நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு 15. பின்னால் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழு அதே வீட்டில் எடுத்த மாதிரிகளில் ஒன்று 13,000ஐத் தாண்டியது. அப்போதும் மாநில அதிகாரிகள் தண்ணீர் பாதுகாப்பானது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, ஆற்று நீருக்கு மாறியபின் ரத்தத்தில் காரீயம் கூடிய குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானதைக் கணக்கெடுத்து செப்டம்பரில் வெளியே சொன்னார். முதலில் அவரையும் மறுத்துப் பேசிவிட்டு, அப்புறம்தான் ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்ப வந்தது. அதற்குள் குழாய்களின் உட்படலம் போய்விட்டதால் இன்றுவரை வடிகட்டாமல் குடிக்க முடியாது.

அங்கே எங்கள் வேலை, வந்து நிற்கும் கார்களில் தண்ணீர்ப் பெட்டிகளை ஏற்றுவது. ஒரு பெட்டியில் 24 பாட்டில், 12 கிலோ. கார் இல்லாதவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கொடுப்பதும் உண்டு. குழாயில் வடிகட்டி மாட்டத் தெரியாத முதியவர்கள் வீடுகளில் மாட்டிக் கொடுத்தோம். ஒரு பாட்டி எங்களை உட்கார வைத்துவிட்டுத் தன் தண்ணீர் பில்களையெல்லாம் எடுத்துக் காட்டினார். விஷம் கலந்த தண்ணீருக்கு மாதம் தவறாமல் பணம் கட்டியிருக்கிறார். பேரனுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன், அது தப்பா என்று கேட்டார். 2014 கோடையில் பாக்டீரியா இருக்கிறது என்று நகராட்சியே கொதிக்க வைக்கச் சொன்னது, அந்தப் பழக்கத்தை அவர் தொடர்ந்திருக்கிறார். கொதித்தால் நீர்தான் ஆவியாகும், காரீயம் இன்னும் செறிவாகும். இதை எப்படி அவரிடம் சொல்வது? என்னோடு வந்த பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சொன்னதைத்தான் நீங்கள் செய்தீர்கள், உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்றாள். எனக்குத் தெரிந்த வேதியியல் அத்தனையும் அந்த நேரத்தில் அந்தப் பாட்டிக்கு உதவாது. அவள் சொன்ன அந்த வார்த்தைதான் உதவியது.

ஸ்பானிஷ் மட்டும் பேசும் குடும்பங்கள் சில, சீருடையில் வந்த தேசியக் காவல் படை வீரர்கள் கதவைத் தட்டியபோது திறக்கவே இல்லையாம். குடியேற்றக் காகிதம் இல்லாமல் குடியிருப்பவர்கள், பிடித்துக் கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். தண்ணீர் கெட்டுப்போன சேதியே அவர்களுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மாப்ள, இதில் என்னை விடாமல் பிடித்து உலுக்குவது வேறு ஒன்று. மிச்சிகனில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு நகரம் கடனில் மூழ்கினால், ஆளுநர் ஓர் அவசர கால மேலாளரை நியமிக்கலாம். அப்புறம் மேயரும் மன்றமும் பெயருக்குத்தான். 2012 நவம்பரில் மாநில மக்கள் வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் கிட்டத்தட்ட அதே சட்டத்தை வேறு எண்ணில் நிறைவேற்றியது. அதில் ஒரு நிதி ஒதுக்கீட்டையும் சேர்த்துவிட்டதால் மறுபடி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக வழியில்லை. 2015 மார்ச்சில் ஃபிளிண்ட் நகர மன்றம் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்புவோம் என்று 7-1 என வாக்களித்தது. ஆளுநர் அங்கே நியமித்திருந்த மேலாளர் ஏற்கவில்லை. அந்த மக்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது, கத்திச் சொன்னார்கள், வாக்கும் போட்டார்கள். எதுவும் செல்லவில்லை. சட்டத்தில் கையெழுத்துப் போட்ட ஆளுநர் ஸ்னைடரும் எங்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்தவர், குழந்தை மருத்துவர் மோனாவும் இங்கே படித்தவர். நூலகத்தில் உட்காரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்கிறேன்.

நான் இங்கே வந்தது சுத்திகரிப்பு நிலையம் வடிவமைக்கக் கற்றுக்கொள்ள. அதில் எனக்கு ஆசை குறையவில்லை. ஆனால் தண்ணீர் என்ன ஆகும் என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை யார் கேள்வி கேட்க முடியும் என்பதையும் சேர்த்துப் படிக்காமல் இந்தப் படிப்பு முடியாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அடுத்த செமஸ்டரில் பொதுக் கொள்கைத் துறையில் ஒரு பாடம் எடுக்கப் போகிறேன். ஆலோசகரிடம் பேசியாகிவிட்டது.

விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை ஃபிளிண்டிலேயே, ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிடும் ஹிலாரி கிளின்டனும் பெர்னி சாண்டர்ஸும் விவாதம் செய்தார்கள். காரீயக் குழாய்களை எல்லாம் அகற்ற வேண்டும் என்று பதவியேற்ற முதல் நூறு நாளில் உத்தரவிடுவீர்களா என்று லீஆன் வால்டர்ஸ் நேருக்கு நேர் கேட்டார். மறுநாள் சாண்டர்ஸ் எங்கள் வளாகத்து கிரிஸ்லர் அரங்கத்துக்கு வந்தார். மாணவர்கள் குவிந்துவிட்டார்கள், நானும் போனேன். செவ்வாய்க்கிழமை கட்சிகளின் முன்தேர்தல். கருத்துக் கணிப்புகள் கிளின்டன் இருபது புள்ளி முன்னால் என்றன, வென்றது சாண்டர்ஸ், ஒன்றரைப் புள்ளியில். குடியரசுக் கட்சியில் டிரம்ப். வகுப்புத் தோழி சாண்டர்ஸுக்குப் போட்டாள். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் அப்பா டிரம்புக்கு. நாஃப்டா என்ற வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தால் எங்கள் ஊர் வேலை மெக்சிகோவுக்குப் போயிற்று என்பதில் இருவருக்கும் ஒரே கோபம். அவர்கள் வீட்டில் சாப்பிட்டபோது இதைப் பற்றிச் சத்தமாகத்தான் பேசினார்கள். பேசி முடித்து, அவரே எழுந்து பாட்டில் தண்ணீரில் மகளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

அன்றிரவு எனக்கு நம் வாட்ஸ்அப் குரூப் நினைவு வந்தது. டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்தில் மாணவர் தலைவர் கன்னையா குமாரைத் தேசத்துரோகம் என்று கைது செய்த நாளிலிருந்து அங்கே நடக்கும் சண்டை உனக்குத் தெரியும். ஹைதராபாத்தில் தலித் மாணவர் ரோஹித் வெமுலா இறந்தபோது ஒரு வார்த்தை பேசாதவர்கள் இப்போது தேசபக்திக்குச் சான்றிதழ் கேட்டது என்னையும் வருத்தியது. ஆனாலும் நம் சேலத்துக் கூட்டாளி அந்த குரூப்பை விட்டுப் போனது மனசுக்கு ஆகவில்லை. ஹாஸ்டலில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தினமும் கஞ்சி வாங்கி வந்து கொடுத்தவன் அவன். அவன் கருத்து எனக்குச் சரியில்லை, அவன் எனக்கு வேண்டும். நான் போன் செய்தேன், எடுத்தான், ஊர் விஷயமாகக் கொஞ்ச நேரம் பேசினோம். நீ சேலம் போகும்போது அவன் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வா.

நம் ஊரில் மே 16 சட்டமன்றத் தேர்தல் என்று அறிவித்துவிட்டார்களே. வெளிநாட்டில் இருப்பவர்கள் பெயர் பதிந்தாலும் நேரில் வந்துதான் வாக்குப் போட வேண்டும், பரீட்சை முடிந்த கையோடு டிக்கெட் எடுக்க என்னிடம் காசில்லை. இங்கேயும் வாக்கு கிடையாது. வெள்ளிக்கிழமை ஒரு நல்ல செய்தி வந்தது. எங்களைப் போன்ற துறைகளில் படித்தவர்கள் படிப்புக்குப் பின் வேலை செய்யும் அனுமதியில் நீட்டிப்பு 17 மாதத்திலிருந்து 24 மாதமாகிறது. வீடே கொண்டாடியது. இந்த வருடம் என் வாழ்க்கையைத் தொடும் முடிவுகள் எதிலும் எனக்குக் குரல் இல்லை. உனக்கு இருக்கிறது. சென்னை வெள்ளத்தின்போது லீவு போட்டுவிட்டு முடிச்சூரில் இடுப்பளவு தண்ணீரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாயே, நான் இங்கே பரீட்சைக்குப் படித்துக்கொண்டே உன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படங்களும் சேர்ந்துதான் என்னை ஃபிளிண்டுக்கு அனுப்பின.

வேலையில் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எந்த வீட்டுக்குக் காரீய இணைப்பு என்ற பதிவு ஃபிளிண்டில் 45,000 அட்டைகளில், பல பென்சிலில் எழுதியது. அதைக் கணினிக்குக் கொண்டு வரத்தான் இப்போது பாடுபடுகிறார்கள். மார்ச் 4ஆம் தேதி முதல் வீட்டுக் குழாயை மாற்றத் தொடங்கிவிட்டார்கள், ஆனால் எங்கே தோண்டுவது என்று தெரிய வேண்டுமே. ஒகேனக்கல் தண்ணீர் வந்தபின் எந்தெந்தக் குக்கிராமத்தில் இன்னும் ஃபுளோரைடு கலந்த பழைய போர்வெல் தண்ணீரையே குடிக்கிறார்கள் என்று உங்களிடம் பட்டியல் இருக்கிறதா? இல்லையென்றால் நீயே ஒன்று தொடங்கு. ஃபுளோரைடு அளவோடு, அதனால் பல்லில் கறை உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டு எழுதி வை. வடிவம் நான் போட்டு அனுப்புகிறேன், கணக்குப் பார்க்கவும் கூட இருக்கிறேன்.

இன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். இனி வித்தியாசம் ஒன்பதரை மணி நேரம்தான். உனக்கு இரவு எட்டரை என்றால் எனக்குக் காலை பதினொன்று. வர ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்குக் கூப்பிடு, அம்மாவிடமும் பேச வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்ள