வெள்ளிக்கிழமைக் கரோல்: அதிபரிடமிருந்து பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

டிசம்பர் இரண்டாம் வெள்ளி மாலை தரம் 1, 2, 3 பிள்ளைகள் மட்டக்களப்புக் கல்லடியில் நம் பாடசாலையைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் வீடு வீடாகப் போய் நத்தார் (கிறிஸ்மஸ்) கரோல் பாடப்போகிறார்கள். 4.30க்குப் புறப்பட்டு, இருட்டுவதற்கு முன்பே திரும்பிவிடுவோம். மண்டபத்தில் ஒளிவிழா வழக்கம்போல நடக்கும். ஆனால் படுக்கையில் இருக்கும் அப்பப்பாவும், முழங்கால் நோவால் படலையைத் தாண்டாத அம்மம்மாவும் அதற்கு வர முடியாது. அவர்களிடம் பிள்ளைகள்தான் போக வேண்டும்.

"எங்கட பிள்ளை சைவம், வரலாமோ?" என்று சில தாய்மார் தயங்கிக் கேட்டார்கள். விரும்பினால் வரட்டும், கட்டாயம் இல்லை. வராத பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். மார்கழியில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடி வருகிற ஊர் இது. வாசலில் வந்து பாடுவது நமக்குப் புதிதல்ல.

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். இந்த வயதுப் பிள்ளையிடம் "இன்னும் சத்தமாக" என்றால் அது பாடாது, கத்தும். சுருதி போய்விடும், நாலு வீடு போவதற்குள் தொண்டையும் கட்டிவிடும். அதனால்தான் ஒலிபெருக்கி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டித் தருவதாகச் சொன்ன அப்பாவுக்கு நன்றி. ஓட்டோ மட்டும் வரட்டும், கால் நோகிற பிள்ளைகள் ஏறிக்கொள்ளலாம். இன்னொன்று, பெரியவர்களுக்கு வசதியான சுருதி இவர்களுக்கு மிகவும் கீழே. அப்பா எடுத்துக் கொடுத்தால் தாழ்ந்த இடங்களில் பிள்ளையின் குரல் வெறும் காற்றாகிவிடும். சங்கீத ரீச்சர் சற்று மேலே வைத்துத்தான் பழக்குகிறார். ஆகவே வீட்டில் பிள்ளையே தொடங்கட்டும், நீங்கள் கூடப் பாடுங்கள். மூன்று பாட்டுத்தான். இரண்டாம் சரணம் மறந்தால் முதலாவதையே திரும்பப் பாடுவார்கள், ஒன்றும் குறைந்துபோகாது.

கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு ஆசிரியர்கள் முன்கூட்டியே போய்க் கேட்டு வருகிறார்கள். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் காலை, சுனாமியில் இங்கும் நாவலடியிலும் நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. சில வீடுகளில் இந்த மாதம் பாட்டு வேண்டாம் என்கிறார்கள், அங்கே மேளத்தை நிறுத்திவிட்டுக் கடந்து போவோம். வேறு சில வீடுகளில், உறவுகளை இழந்தவர்களே எங்களைக் கட்டாயம் வரச் சொல்கிறார்கள். "அந்த வீட்டில் ஏன் பாடவில்லை?" என்று பிள்ளை கேட்டால் அதன் வயதுக்கு ஏற்றபடி நீங்களே சொல்லுங்கள். அதை நாங்கள் சொல்வதைவிட நீங்கள் சொல்வதே சரி.

காசு வாங்க மாட்டோம், உண்டியலும் கொண்டுபோவதில்லை. ரொபி, கேக் தந்தால் வாங்கிக்கொள்வோம். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளையென்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள். நத்தார் தாத்தா உடுப்பு வாங்கிச் செலவழிக்க வேண்டாம், மழையில் நனைந்த பஞ்சுத் தாடியோடு எந்தப் பிள்ளையும் பாடாது. பாடசாலைச் சீருடை போதும். ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்பதால் சப்பாத்து வேண்டாம், செருப்புப் போட்டு அனுப்புங்கள், ஒரு குடையும். மழை விடாவிட்டால் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைப்போம்.

கூட நடந்து வர ஒவ்வொரு வகுப்பிலும் நான்கு பெற்றோர் தேவை. கீழேயுள்ள துண்டில் கையொப்பமிட்டுப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அதிபர்