கணக்கைத் திறந்து காட்டினால் வட்டி குறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் கிழக்கில் உள்ள சிறுதொழில்களுக்கு வங்கிகள் கூடுதல் வட்டி அறவிடுவதாக உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். உண்மைதான். ஆனால் ஓரவஞ்சனை ஒன்றே காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலைகளுக்குக் கணக்கு எழுதுபவன் நான்.

பெரும்போக அறுவடைக்கு நெல் வாங்க ஆலைக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் கடன் கேட்கிறார்கள். களஞ்சியத்தில் உண்மையில் எத்தனை மூட்டை கிடக்கிறது, வெளியில் எவ்வளவு கடன் நிற்கிறது என்பது முதலாளிக்குத் தெரியும். வங்கி முகாமையாளருக்குத் தெரியாது. ஆளைப் பிரித்தறிய முடியாதவர் எல்லோருக்கும் ஒரே வட்டி போடுகிறார். ஒழுங்காகக் கட்டுபவர் அதைப் பார்த்து விலக, மிஞ்சுவோரில் ஆபத்தானவர்களே அதிகம். வட்டி மேலும் ஏறும். 1970இல் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கியது இந்தச் சுழலைத்தான்.

வரிக்கு ஒரு புத்தகம், வங்கிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருப்பதை வங்கி அறியும். அதனால் எதையும் நம்பாமல் காணி உறுதியைக் கேட்கிறது. போரிலும் சுனாமியிலும் உறுதியைத் தொலைத்தவர்களும் உறுதி இல்லாமல் அரச அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்களும் எங்கே போவார்கள்?

கணக்கியல் ஆய்வாளர் கிறிஸ்டீன் பொட்டோசன் 1997இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் 122 உற்பத்தி நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தார். சந்தை ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத நிறுவனங்களிடையே, கூடுதல் தகவல் வெளியிட்டவற்றுக்குப் பங்கு மூலதனம் திரட்டும் செலவு குறைந்திருந்தது. பலர் உற்றுநோக்கும் நிறுவனங்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. அவை பங்குச் சந்தை நிறுவனங்கள், நம் ஆலைகள் வேறு. ஆனாலும் கொழும்பின் கண் படாத நமக்கே திறந்து காட்டும் கணக்கால் ஆதாயம் அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

வங்கிகளும் தங்கள் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். கணக்காய்வு செய்த மூன்றாண்டுக் கணக்கைக் கொடுத்தால் வட்டியில் எவ்வளவு குறைப்பார்கள் என்று கிளைகள் எழுத்தில் சொல்லட்டும். பலன் தெரியாமல் யார் கணக்காய்வாளருக்குக் காசு கொடுப்பார்கள்?

முதன்மை வாடிக்கையாளருக்கு வங்கிகள் கொடுக்கும் சராசரிக் கடன் வட்டியை மத்திய வங்கி வாராவாரம் வெளியிடுகிறது. அதையும், மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைக் கிளைகளின் தொழிற்கடன் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதம் ஒருமுறையாவது உங்கள் பத்திரிகையில் போடுங்கள்.

இப்படிக்கு,
கணக்காளர் ஒருவர்,
சம்மாந்துறை