மயில்துத்தம் வேண்டாம்

காட்பாடி

அன்புள்ள மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல். நம் நீச்சல் குளத்தை மீன் குளமாக்கிய பிறகு பிடித்திருக்கும் பாசியைக் கொல்ல நீ போனில் சொன்ன மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட் என்ற தாமிர உப்பை, நான் வாங்கவில்லை, வாங்கப்போவதும் இல்லை. அளவு சற்றுக் கூடினாலும் தாமிரம் மீனின் செவுளைப் பதம் பார்த்துவிடும். அதில் மீன் பிழைத்தாலும், மொத்தமாகச் செத்த பாசி அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

நீச்சல் குளமாக இருந்தவரை குளோரின் பாசியை அண்டவிடவில்லை. இப்போது மேலே வேலூர் வெயில், உள்ளே மீன் கழிவும் மிஞ்சிய தீனியும். பாசி வளர வேறென்ன வேண்டும்? இவற்றைக் குறைப்பதுதான் வழி.

தீனியை ஒரு வேளையாக்கிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான் போடுகிறேன். மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டியாயிற்று. தொட்டிகளில் அல்லி நட்டு இறக்கியிருக்கிறேன். அதன் இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடிவிட்டால் பச்சை தானாகத் தணியும். ஆகாயத்தாமரையை மட்டும் உள்ளே விடமாட்டேன், அது ஏரிகளை என்ன பாடு படுத்துகிறது என்று பார்த்திருக்கிறாயே.

நூல்பாசியை மூங்கில் கழியில் சுற்றி இழுக்கிறேன். நூல்கண்டு போலத் திரண்டு கனமாக வருகிறது. எல்லாம் தென்னைக்கு உரம். சுவரில் வழுவழுப்பாகப் படிந்திருக்கிறதே, அதைத் தேய்க்காமல் விட்டிருக்கிறேன். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. குளத்தை இறைத்துக் கழுவிவிடலாம் என்கிறாய். கழுவினால் அவையும் போகும். மறுபடி பெருக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை அம்மோனியாவை மீன்கள் எப்படித் தாங்கும்?

எனக்கு உள்ள கவலையெல்லாம் விடியற்காலையைப் பற்றித்தான். பகலில் ஆக்சிஜன் விடும் பாசி இரவில் அதையே எடுத்துக்கொள்கிறது. விடிவதற்குமுன் தண்ணீரில் அது மிகவும் குறைந்துபோகும். அப்போது கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசியல்ல. கத்திரி வெயிலில் தண்ணீர் சூடேறினால் ஆக்சிஜன் இன்னும் குறைவாகத்தான் தங்கும். அதனால் இரவு முழுவதும் காற்று பம்ப் ஓடுகிறது. ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடுகிறது.

புற ஊதா விளக்கு பொருத்திய ஃபில்டர் அனுப்புவதாகச் சொன்னாய். மிதக்கும் பாசிக்கு அது நல்லதுதான், நூல்பாசியை ஒன்றும் செய்யாது. அந்தப் பணத்தில் பம்புக்கு ஓர் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கிக்கொடு. சித்திரை பிறப்பதற்குள் வந்து சேர்ந்தால் நிம்மதி.

அன்புடன்,
அம்மா