ஆள் இல்லாத தெருதான் அழகா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார இணைப்பில் ஜார்ஜ் டவுனை நடந்தே சுற்றிப் பார்ப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் கடைசியில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போய்விடுங்கள், ஆள், வண்டி, மூட்டை எதுவும் குறுக்கே வராமல் பழைய மெட்ராஸின் அழகை ரசிக்கலாம் என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கோடவுன் தெருவில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் 26 வருஷம் கணக்கு எழுதினவள் நான். அந்தக் குறுக்கே வரும் ஆட்களில் நானும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் இழுத்து விட்ட ஷட்டரைத்தான் பார்க்கலாம். தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் வேலை நாளில், பதினோரு மணிக்கு மேல் வர வேண்டும். பேல் ஏற்றிய வண்டியை முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் இரண்டு பேர் தலையைக் கொடுத்து முட்டித் தள்ள, "ஓரம், ஓரம்" என்று அவர்கள் போடும் சத்தத்துக்குத் தெருவே வழி விடும். என் மகளை ஏழு மாசம் சுமந்துகொண்டு வேலைக்குப் போன நாளில் அப்படி ஒரு வண்டிக்கு நேராக மாட்டிக்கொண்டேன். பின்னால் தள்ளினவர் சக்கரத்துக்குக் கல் தேடக்கூட நேரமில்லாமல் தன் தோளையே முட்டுக் கொடுத்து வண்டியை நிறுத்தி, "நீ போ தாயி" என்றார். அவர் தலையில் இருந்த சும்மாட்டுத் துணி உப்புப் பூத்து வெளுத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த மனுஷன் இல்லாத தெரு யாருக்கு அழகு ஐயா?

இந்த ஊரிலிருந்து ஆட்களை அப்புறப்படுத்தும் வேலை இன்று நேற்றைக்கு ஆரம்பித்ததில்லை, அது உங்களுக்கே தெரியும். நம் ஜனங்கள் இருந்த பகுதியைக் கறுப்பர் நகரம் என்றுதான் வெள்ளைக்காரர்கள் சொன்னார்கள். முதல் கறுப்பர் நகரம் இப்போது ஹைகோர்ட் இருக்கும் பக்கத்தில் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி இருந்தது. பிரெஞ்சுக்காரனோடு நடந்த சண்டைக்குப் பிறகு, பீரங்கிக்கு மறைக்கிறது என்று அந்த ஊரையே இடித்துத் தள்ளினார்கள். அங்கே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போனது, அப்புறம்தான் பூக்கடைப் பக்கம் புதிதாகக் கட்டினார்கள். இதற்கு மேல் கோட்டைப் பக்கம் யாரும் கட்டக்கூடாது என்று 1773-இல் 13 எல்லைக்கல் நட்டார்கள். அதில் மிஞ்சிய ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டிடத்தின் ஓரத்தில் நிற்கிறது. உங்கள் கட்டுரையில் அதன் படத்துக்குக் கீழே 'அலங்காரத் தூண்' என்று போட்டிருக்கிறீர்கள். தினமும் அதைத் தாண்டித்தான் நான் பஸ் பிடிக்க ஓடுவேன். இங்கே வராதே என்று சொல்ல நட்ட கல்லை அலங்காரம் என்று எழுத எப்படி மனசு வந்தது?

அரண்மனைக்காரன் தெருவில் ஒரு காலத்தில் அரண்மனை இருந்ததாக வேறு எழுதியிருக்கிறீர்கள். அர்மீனியர்கள் இருந்த தெரு அது. அர்மீனியன் என்ற பேர் நம் ஜனங்கள் வாயில் அரண்மனைக்காரன் ஆகிவிட்டது. 1772-இல் கட்டிய அவர்கள் சர்ச் இன்றும் அங்கேதான் இருக்கிறது. உலகத்தின் முதல் அர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-இல் இதே மெட்ராஸில் அச்சடித்த பாதிரியாரின் கல்லறையும் அந்த வளாகத்துக்குள்தான். பத்திரிகை நடத்துகிற நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று வருத்தமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ நாள் அங்கே போய் நின்றிருக்கிறேன். அந்தச் சுவருக்குள் நுழைந்தால் தெருச் சத்தம் சட்டென்று அடங்கும்.

அதே தெருவில் இருக்கும் கோகலே ஹால் என்ற பழைய பொதுக்கூட்ட மண்டபத்தை இடிக்க ஆரம்பித்தபோது உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் போடவில்லை. சரி, இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொத்தவால் சாவடி மார்க்கெட் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனபோது நெரிசல் தீர்ந்தது என்று எழுதினீர்கள். அங்கே மூட்டை தூக்கிப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு நிருபரையாவது அனுப்பிக் கேட்டிருக்கலாம். சிறு வயதிலிருந்து உங்கள் பத்திரிகையைப் படிப்பவள் என்ற உரிமையில்தான் கேட்கிறேன்.

ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம் என்று நீங்கள் எழுதியிருப்பதும் நடக்கிற காரியம் இல்லை. ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி, தம்புச் செட்டி தெருவில் காளிகாம்பாளைக் கும்பிட்டு, பவளக்காரத் தெரு, அப்புறம் தங்கசாலை என்று நின்று நிதானமாகப் பார்த்து நடந்தால் பாதி நாள் போய்விடும். அந்தப் பாதி நாளில் ஒரு பெண் எங்கே ஒதுங்குவது? அந்த வருஷங்கள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே வேலை பார்த்தோம். வந்த வியாதியை இன்னும் மருந்து சாப்பிட்டுச் சமாளிக்கிறேன். நடக்கச் சொல்கிறவர்கள் அதையல்லவா முதலில் எழுத வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எல்லைக்கல், அரண்மனைக்காரன் தெரு இரண்டுக்கும் அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். அந்த வழியில் பொதுக் கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது, அதில் எது திறந்திருக்கிறது என்று ஒரு நிருபரை அனுப்பிப் பார்த்து எழுதுங்கள். வேலை நாளில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகி,
சென்னை-1